கப்பல் வந்தால் நெஞ்சடைக்கும்

எனக்கு வந்த நோய்க்கு, அது வந்த காலத்தில் பெயர் கிடையாது. பெயர் இல்லாத நோயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பது என்ன பாடு என்று கிடந்தவனுக்குத்தான் தெரியும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன நோய்?" என்றுதான். தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மறைக்கிறான், பெரிய நோய்தான் போலிருக்கிறது என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டு, அடுத்த முறை வாழைப்பழத்துக்குப் பதிலாகத் திருநீறு கொண்டுவருவார்கள். என் தலைமாட்டில் ஒரு கட்டத்தில் முருகன் கோயில் திருநீறு மட்டுமே ஒரு வாரத்துக்குப் பூசுகிற அளவு சேர்ந்துவிட்டது.

இப்போது பெயர் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர். அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு வைத்தியம் பார்த்த மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் உடம்புக்குள்ளேயே இருந்துகொண்டு, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் கழுத்தை நெரித்த ஒரு பட்டாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மேலும் எனக்கு மரியாதை உண்டு.

எழுபதுகளில் நான் அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் மளிகைக்கடை வைத்திருந்தேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். போர்ட் பிளேரில் தமிழ் ஆட்கள், வங்காளிகள், தெலுங்கர்கள் எல்லாருக்கும் நான் அண்ணாச்சிதான். அது என் பெயர் என்றே பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் மெயின்லேண்டிலிருந்து, அதாவது சென்னை, கல்கத்தா பக்கமிருந்து, கப்பலில் வரவேண்டும். கப்பல் வந்தால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. கப்பல் தாமதமானால் உப்பையும் தீப்பெட்டியையும் காவல் காத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

அப்போது பசும்பால் அங்கே கைக்குழந்தைக்கே போதாது. மற்றவர்களுக்கெல்லாம் டப்பாவில் வரும் பால்பவுடர்தான். ஊரில் இருந்தவரை எங்கள் வீட்டில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான். கறந்த பால் விற்பதற்கு, குடிப்பதற்கு அல்ல. அப்படி வளர்ந்தவன் தீவுக்கு வந்ததும் பால்பவுடருக்கு அடிமையாகிவிட்டேன். டீயில் கரைத்துக் குடித்தது போதாதென்று, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கரண்டி அள்ளி அப்படியே வாயில் போட்டு, மேல்வாயில் ஒட்ட வைத்துச் சப்புவேன். ஆகா, அந்த ருசி! இப்போது நினைத்தாலும் எச்சில் ஊறுகிறது.

சில வருடம் போனதும் சோறு சாப்பிடும்போது நெஞ்சுக்கு நடுவில் ஏதோ நிற்பதுபோல் இருக்க ஆரம்பித்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. என் மனைவி பாக்கியம் செம்பை எடுத்துத் தூர வைப்பாள்.

"என்னங்க இது, சோத்த திங்கியளா, கரைச்சுக் குடிக்கியளா? காக்கா வந்து தூக்கிட்டா போயிரும்? மெள்ள முழுங்குங்க."

"மெள்ளத்தான் முழுங்குதேன். இந்த அரிசி சரியில்ல."

"அரிசி உங்க கடை அரிசில்லா!"

எழுந்து போய்விட்டேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம். பதில் இல்லாத இடத்தில் அது சீக்கிரம் வரும்.

பக்கத்தில் லம்பா லைன் என்ற இடத்தில் எங்கள் நண்பர் முத்தையா இருந்தார். அரசாங்க ஆபீசில் கிளார்க். அவர் மகளுக்குக் காதுகுத்து, ஆட்டுக்கறி விருந்து. தீவில் ஆட்டுக்கறி என்பது எப்போதாவது கிடைக்கிற சமாச்சாரம். நல்ல பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டேன். மென்றேன், விழுங்கினேன். நெஞ்சின் நடுவில் போய் நின்றது. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் அப்படியே மூக்கு வழியாக வந்தது. எழுந்து குதித்துப் பார்த்தேன், முதுகில் தட்டச் சொன்னேன். நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் எச்சிலையே என்னால் விழுங்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சடைக்குது, நெஞ்சடைக்குது" என்று கத்தினேன்.

நான் செய்த தப்பு அதுதான். தமிழில் நெஞ்சடைக்கிறது என்றால் கறி அடைத்தாலும் அதுதான், உயிர் போகிற நெஞ்சடைப்பு என்றாலும் அதுதான். முத்தையாவுக்கு இரண்டாவது அர்த்தம்தான் தோன்றியது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டியூட்டியில் இருந்தவர் டாக்டர் தத்தா, வங்காளி, முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. முத்தையாவுக்குத் தன் ஹிந்தி மேல் அபாரப் பெருமை.

"டாக்டர் சாப், அண்ணாச்சிகா ஹார்ட் பந்த் ஹோ கயா!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, வாளியில் எச்சில் துப்பிக்கொண்டு, முத்தையாவை முறைத்துக்கொண்டிருந்தேன். இதயம் நின்றுபோன ஆள் இப்படி முறைப்பதை அவர் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் நெஞ்சுவலி என்று வருகிறவனை அலட்சியமாக விடக்கூடாதல்லவா? படுக்க வைத்தார்கள். ஊசி போட்டார்கள். அசையக்கூடாது, பேசக்கூடாது. நான் கறி என்று சொல்ல வாயைத் திறந்தால், வார்டில் இருந்தவர் "பாத் மத் கரோ, பாத் மத் கரோ" என்று என் வாயைப் பொத்தினார். கறித்துண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு இதய நோயாளியாக விடியும்வரை மல்லாந்து கிடந்தேன். வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்தது.

காலையில் வந்த நர்ஸ் ஏலியம்மா மலையாளி. இதய நோயாளிக்கு மாத்திரை கொடுக்க வந்தார். மாத்திரையும் தண்ணீரும் வந்த வேகத்திலேயே திரும்பி அவர் புடவைமேல் போயிற்று. அவர் கோபப்படவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சேட்டா, வெள்ளம் போலும் எறங்குன்னில்லல்லோ! நெஞ்சு வேதனையா, அதோ எந்தெங்கிலும் குடுங்கியதா?"

அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஆனால் நெஞ்சுவலியா, ஏதாவது சிக்கிக்கொண்டதா என்று கேட்கவேண்டியதைக் கேட்கிறார் என்று புரிந்தது. கையால் ஆட்டுக்குக் கொம்பு வைத்துக் காட்டி, தொண்டையைத் தொட்டு, நெஞ்சின் நடுவில் விரலை வைத்தேன். சிஸ்டர் ஓடினார்.

டாக்டர் தத்தா வந்தார். என் தொண்டைக்கு மருந்தடித்து, மயக்க ஊசி போட்டு, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, நீளமான இரும்புக் குழாயை உள்ளே விட்டார். பாதி மயக்கத்தில் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பல்லில் இரும்பு உரசிய சத்தமும் யாரோ என் தலையை இறுகப் பிடித்திருந்ததும்தான். தெளிந்தபோது நெஞ்சில் பாரம் இல்லை. அவர் ஒரு தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் வெளுத்துப்போன ஒரு கறித்துண்டு கிடந்தது.

"அண்ணாச்சி, யே ஆப்கா ஹார்ட் ஹை" என்றார். இதுதான் உங்கள் இதயமாம்.

சிரித்தால் தொண்டை வலிக்கும். இருந்தாலும் சிரித்தேன். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தன் பக்கத்துத் தப்பை மூடி மறைக்காமல், தட்டில் வைத்துக் காட்டிச் சிரிக்கிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிரிப்பு அதோடு சரி. அடுத்தநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என் கடை ஹிந்தி இதற்குப் போதாது என்று முத்தையாவை வைத்துக்கொண்டு, சிஸ்டரையும் கூப்பிட்டு, இரண்டு பேர் வழியாகவும் எனக்குச் சொன்னார். இந்தத் தடவை எந்த வார்த்தையும் தப்பாகப் போகக்கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவனம். உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகிற வழவழப்பான குழாய். என்னுடையது அப்படி இல்லையாம். உள்பக்கம் வளையம் வளையமாகச் சுருங்கி, வீங்கி, அங்கங்கே வெள்ளைப் புள்ளியோடு இருக்கிறதாம். குழாய் குறுகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. நேற்றே துளி சதையைக் கிள்ளி எடுத்திருக்கிறேன், நாளைக்குக் கிளம்புகிற கப்பலில் கல்கத்தாவுக்குப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். அடுத்த கப்பலில் ரிப்போர்ட் வரும். எதுவாக இருந்தாலும், அந்தக் கப்பல் திரும்பும்போது நீங்களும் அதிலேயே மெயின்லேண்ட் போகவேண்டி வரும். அங்கே பெரிய சர்ஜன் நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பார் என்றார்.

முத்தையா எல்லாவற்றையும் சொன்னார், ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார். நானே கேட்டேன். "கேன்சரா?"

டாக்டர் முகத்தைத் திருப்பவில்லை. "ஹோ சக்தா ஹை" என்றார். இருக்கலாம்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். வெட்டுவார்கள் என்பதைவிட, கப்பலில் ஏறினால் திரும்பி வரமாட்டேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததுபோல் இருந்தது. அப்படி ஏறிப் போனவர்கள் சிலரை கப்பல்துறையில் நின்று நானே கையசைத்து அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்தது அவர்களுடைய பெட்டிதான். பாக்கியம் என் முன்னால் அழவில்லை. "கடைல எலி புகுந்துட்டு, சீக்கிரம் வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் அழுதாள். வராந்தா என் ஜன்னலுக்கு நேர் வெளியே இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கெட்டியான சாப்பாடு கூடாது என்று உத்தரவு. காலையில் பாலில் ஊறிய ரொட்டி, மத்தியானம் பால், மாலையில் பால், ராத்திரி பாலும் ரொட்டியும். சிஸ்டர் என்மேல் உள்ள பிரியத்தில் பவுடரை இன்னும் கெட்டியாகக் கரைத்துக் கொடுப்பார். சாப்பாடு எவ்வளவு மிருதுவாயிற்றோ அவ்வளவு அடைப்பு அதிகமாயிற்று. கஞ்சி மாதிரி ஊறிய ரொட்டியே நின்று நின்று இறங்கியது. டாக்டர் தத்தா தலையைப் பிய்த்துக்கொண்டார்.

ஒருநாள் என் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டார். மறுநாள் என்னையே லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. வெளுத்த வட்டங்களுக்கு நடுவே சில பெரிய வட்டங்கள். அவற்றுக்குள் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டாகப் பிரிந்த நீலப் பொட்டு. சுற்றிலும் மாதுளை முத்துப்போல் சிவப்பு மணிகள். இத்தனை அழகான ஒன்று என் ரத்தத்தில் ஓடுகிறதா என்று வாயைப் பிளந்துவிட்டேன்.

"ஈசினோஃபில்" என்றார் டாக்டர். "இந்த வெள்ளை அணு கொஞ்சம்தான் இருக்கவேண்டும். உங்களுக்கு நிறைய இருக்கிறது."

ஈஸ்னோபீலியா என்ற வார்த்தை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இருமல் வந்தவன் எல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிவான். வயிற்றில் பூச்சி இருந்தால் இந்த அணு கூடும் என்று எனக்குப் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சி போயிருக்கலாம். அடைப்பு போகவில்லை.

கப்பல் வரவேண்டிய நாள் வந்தது, போனது. கடல் மோசம் என்றார்கள். எஞ்சின் கோளாறு என்றார்கள். ஊரே கப்பலைத் திட்டியது. நான் மட்டும் திட்டவில்லை. வராதவரைக்கும் நான் போர்ட் பிளேரில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஊரில் மைதா தீர்ந்தது, ரொட்டி நின்றது. பிறகு பால்பவுடர் தீர்ந்தது. என் கடையிலேயே ஒரு டப்பா இல்லை. ரேஷன் கோதுமை மாவும் அரிசியும் மட்டும் இருந்தன. பாக்கியம் வீட்டிலிருந்து கஞ்சியும், மீன் சாற்றில் ஊறவைத்துக் கரைந்துபோன சப்பாத்தியும் கொண்டுவந்து ஊட்டினாள்.

நாள் போகப் போக எனக்கே தெரியாமல் நான் தேறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சப்பாத்தியை ஊறவைக்காமலே மென்று தின்றுவிட்டு, தண்ணீர் கேட்க மறந்துபோனேன். பாக்கியம் என்னையே பார்த்தாள். கண்ணுபட்டுவிடும் என்று காலித் தட்டை முந்தானையால் மூடினாள். முத்தையாதான் வாய் ஓயாமல் முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கப்பல் வந்தது. அதிலேயே ரிப்போர்ட்டும் வந்தது. டாக்டர் தத்தா வார்டுக்குள் கிட்டத்தட்ட ஓடியே வந்தார்.

"அண்ணாச்சி, கேன்சர் நஹீ! நஹீ!"

பாக்கியம் அவர் காலில் விழப்போனாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து சிஸ்டரின் டிரேயை இடித்துத் தள்ளினார். ரிப்போர்ட்டில் இன்னொன்றும் எழுதியிருந்தது. உணவுக்குழாயின் உள்புறத் தோலில் ஈசினோஃபில் கும்பல் கும்பலாக இருக்கிறது, காரணம் விளங்கவில்லை என்று. அந்த அணு ரத்தத்தில் கொஞ்சம் இருக்கலாம், குடலில் கொஞ்சம் இருக்கலாம். உணவுக்குழாயின் சுவரில் ஒன்றுகூட இருக்கக்கூடாதாம். ஆனால் அன்று அதையெல்லாம் யார் கேட்டார்கள்? கேன்சர் இல்லை. கொண்டாடினோம். எதை வைத்துக் கொண்டாடுவது? கப்பலில் வந்த புதுப் பால்பவுடர்தான். கெட்டி டீ, அடுத்து இன்னொரு டீ. முத்தையா வீட்டிலிருந்து பால் பாயசம், பக்கத்துக் கட்டில் வங்காளி வீட்டிலிருந்து கீர் என்று அவர்கள் சொல்லும் பாயசம். கப்பல் சரக்கு இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை நாளும் நான் பாலில்தான் மிதந்தேன்.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள், கஞ்சிச் சோறு நெஞ்சில் நின்றது.

என் முகத்தைப் பார்த்தே பாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரும் வந்தார். கேன்சர் இல்லை என்றாலும் குழாய் இப்படிக் குறுகிக்கொண்டே போனால் வெட்டித்தான் ஆகவேண்டும், நாளைக்குக் கப்பலில் இடம் சொல்லியாயிற்று, கிளம்புங்கள் என்றார். குரலில் உற்சாகம் இல்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்போது பாக்கியம் யாரிடம் என்று இல்லாமல், கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"நாசமாப் போற கப்பலு! அது வந்தாத்தான் இவுகளுக்கு நெஞ்சடைக்கி! வராம இருந்தவரைக்கும் நல்லாத்தான இருந்தாவ!"

டாக்டர் திரும்பினார். "கியா போலா?" என்று முத்தையாவைக் கேட்டார். முத்தையாவுக்குச் சங்கடம். பொம்பளை துக்கத்தில் பேசுகிறாள், விடுங்கள் என்றார். டாக்டர் விடவில்லை. முத்தையா சுருக்கிச் சொன்னதை ஒதுக்கிவிட்டு, சிஸ்டரைக் கூப்பிட்டு வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கினார். கப்பல் வந்தால் நெஞ்சடைக்கிறது.

"அப்போது கப்பலில் என்ன வருகிறது?" என்றார்.

நான் மளிகைக்கடைக்காரன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பாக்கியம் வெட்டிக்கொண்டே வந்தாள். அரிசியா, அது எப்பவும் திங்காவ. பருப்பா, அது ஒத்துக்கும். ரொட்டி? ரொட்டி இல்லாட்டியும் அதே கோதுமைதான சப்பாத்தி, அது நல்லா இறங்கிச்சுல்லா. பால் என்று நான் சொன்னதும் அவள் வெட்டவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் என் மேஜைமேல் இருந்த டீ டம்ளரைப் பார்த்தோம்.

டாக்டர் தத்தா தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். "நான் உங்களுக்குப் பால்தானே கொடுத்துக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு சின்ன வயதில் இளைப்பு உண்டா என்று கேட்டார். உண்டு, மழைக்காலம் முழுக்க வீசிங்தான். கரப்பான் படை? முழங்கை மடிப்பில் இருந்தது. இதெல்லாம் அலர்ஜி உடம்புக்கு அடையாளமாம். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார்.

அன்று அவர் ஊகமாகச் சொன்னதையும், பல வருடம் கழித்துச் சென்னையில் ஒரு இளம் டாக்டர் பெண் தெளிவாகச் சொன்னதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். நம் உடம்பில் காவலுக்கு ஒரு பட்டாளம் இருக்கிறது. கிருமி வந்தால் விழுங்கிவிடுகிற வீரர்கள் உண்டு. ஆனால் புழு வந்தால்? புழு பெரிது, விழுங்க முடியாது. அதற்கென்று இருப்பவர்தான் நான் பார்த்த மாதுளை முத்துக்காரர். புழுவைச் சூழ்ந்து, தன் சிவப்பு மணிகளை உடைத்து அதன்மேல் காரமான திராவகத்தைக் கொட்டுவார். எவ்வளவு யோசனையான ஏற்பாடு! இவர் தானாகப் போவதில்லை. உணவுக்குழாய்ச் சுவரில் ஒற்றர்கள் இருக்கிறார்கள். உள்ளே வந்த பொருளின் துணுக்கை எடுத்துப்போய், டி-செல் என்கிற மேலதிகாரியிடம் காட்டுவார்கள். அந்த அதிகாரி, இது பகை என்று ஒருதடவை முடிவு செய்துவிட்டால் ரசாயன உத்தரவு பிறப்பிப்பார். ஒரு உத்தரவு எலும்பு மஜ்ஜைக்குப் போகும்: ஈசினோஃபிலை நிறையச் செய்து அனுப்பு. இன்னொன்று குழாயின் தோலுக்குப் போகும். தோல் தானும் ஒரு ரசாயனத்தை விட்டு, இங்கே வா, இங்கே வா என்று அவர்களைக் கூப்பிடும்.

என் உடம்பின் அதிகாரி பாலில் இருந்த ஒரு புரதத்தைப் பகை என்று முடிவு செய்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். நான் கரண்டி கரண்டியாக அள்ளிப்போட்ட பவுடரைப் புழுப்படை என்று நினைத்து, என் வீரர்கள் இரவு பகலாகத் திராவகம் கொட்டினார்கள். எதிரி இல்லாததால் அது என் குழாய்மேலேயே விழுந்தது. புண்ணாகி, வீங்கி, ஆறும்போது தழும்பு விழுந்து இறுகி, அந்த வளையங்கள் வந்தன. சிலருக்கு இறால் தின்றால் உடனே உதடு வீங்குமே, அது வேறு வழி. இது மெதுவாக, நாள்கணக்கில் நடப்பது. காலையில் குடித்த பாலுக்கு மாலையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எனக்கோ, டாக்டருக்கோ சந்தேகம் வரவில்லை. இதற்கு ஈசினோஃபிலிக் ஈசோஃபேஜைடிஸ் என்று பெயராம். சென்னை டாக்டரை மறுபடி மறுபடி சொல்லச்சொல்லி, நான் பேத்தியிடம் சொல்வதற்காக மனப்பாடம் செய்தேன். ஒருவருக்குப் பால், ஒருவருக்குக் கோதுமை, ஒருவருக்கு முட்டை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே பாலை நிறுத்தவேண்டாம். சோறு அடைத்தால் டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பட்டாளத்தின்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முன்கோபக்காரன் நானே சொல்கிறேன். தப்பான உத்தரவுக்கும் இவ்வளவு விசுவாசமாக உழைக்கிறவர்களை என்ன செய்வது? உத்தரவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அன்றைக்கு, கப்பல் மறுநாள் கிளம்ப இருந்த அன்றைக்கு, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டாக்டர் தத்தாவிடம் இருந்தது ஒரு பென்சில் படமும், பாக்கியம் போட்ட சத்தமும்தான். அவர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அனுப்பிவிட்டால் அவருக்குப் பொறுப்பு இல்லை. பெரிய சர்ஜன் பார்த்துக்கொள்வார். அனுப்பாமல் இருந்து நான் செத்தால் கேள்வி கேட்பார்கள். பிறகு எழுந்தார்.

"ஜானே தோ" என்றார். கப்பல் போகட்டும். "அடுத்த கப்பல்வரை ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது. அதற்குள் சரியாகவில்லையென்றால், நானே உங்களைக் கொண்டுபோய் ஏற்றுகிறேன்."

மறுநாள் கப்பலின் சங்கு ஆஸ்பத்திரிவரை கேட்டது. சிஸ்டர் ஏலியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் சேர்த்துத்தான் போட்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். பால், தயிர், மோர், நெய், பால் போட்ட பிஸ்கட் எதுவும் வாசற்படி தாண்டக்கூடாது. பாக்கியம் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். பவுடர் டப்பாவை யாராவது கேட்டால் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். "இந்தப் பக்கம் திரும்பாதிய" என்பாள். வாடிக்கையாளர்கள் முன்னால் மானம் போயிற்று. ஆனால் கஞ்சி சோறாயிற்று. சோறு குழம்புச் சோறாயிற்று. டாக்டர் வெள்ளைக் கூழ் ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது என்றார். கொஞ்சம் என்ற வார்த்தை எங்களுக்குப் போதவில்லை. அவருக்கும் போதவில்லை போலிருக்கிறது.

அடுத்த கப்பல் மறுநாள் வருகிறது என்று தகவல் வந்த அன்று, மத்தியானம் வீட்டுக்கே வந்தார். கையில் மருந்துப் பையும் இருந்தது. பாக்கியம் ஆட்டுக்கறி சமைத்திருந்தாள், அவர் சொல்லித்தான். இருவருக்கும் இலை போட்டாள். டாக்டர் ஒரு துண்டைத் தன் கையாலேயே பார்த்து எடுத்து என் இலையில் வைத்தார். பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை.

"தண்ணீர் கிடையாது" என்றார்.

மென்றேன். பாக்கியம் கரண்டியோடு நின்றாள். விழுங்கினேன். அது தொண்டை தாண்டியது தெரிந்தது. நெஞ்சுக்கு வந்தது தெரிந்தது. அப்புறம் அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தேடிப்பார்த்தேன். இல்லை. போய்விட்டது.

"இறங்கிட்டு" என்றேன்.

நம்பாமல் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு நிமிடம் காத்திருந்தார். இன்னொரு துண்டு வைத்தார்; அதுவும் இறங்கியது. அப்புறம் மருந்துப் பையை எடுத்துத் தன் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கப்பலை விட்ட நாளிலிருந்து நான் தூங்கவில்லை, அண்ணாச்சி. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை" என்றார் ஹிந்தியில்.

அப்போதுதான் பார்த்தேன், அவர் இலையில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாக்கியத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பாபி, அவுர் தோ. பகுத் பூக் லகி ஹை."

அவளுக்கு ஹிந்தி வராது. ஆனால் அண்ணி, பசிக்கிறது, இன்னும் போடுங்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. அழுதுகொண்டே அள்ளி அள்ளிப் போட்டாள்.